கார் வரைய ஆசைப்படும் பெண்ணுக்கு எந்தப் படிப்பு? சேலத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு

தம்பி மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அரசுப் பெண்கள் பள்ளி, கணக்கு குரூப். மூன்று வருடமாகக் கையில் கிடைக்கிற காகிதத்தில் எல்லாம் கார் வரைகிறாள். பரீட்சை அட்டையின் பின்பக்கம், மளிகைக் கடை பில், அவள் அப்பா வெள்ளி எடை எழுதி வைக்கிற நோட்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. போன தீபாவளிக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, "நான் கார் டிசைனர் ஆகப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

தம்பிக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கொலுசுப் பட்டறை. அவன் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "ஏண்ணா, நீ வேலை பாத்த லைனையே மூடிட்டாங்க. ஊர்ல ஒவ்வொரு கார் கம்பெனியா பூட்டிட்டுப் போறான். இவ இப்போ போய் கார் வரையறேங்கறா. நீயே சொல்லு" என்றான்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் பதினேழு வருடம் இருந்தவன் நான். கார் கதவின் வெளித்தகடு அடிக்கிற லைன். ஆர்டர் நின்றதும் லைனை நிறுத்தினார்கள். கடைசி வாரம் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கிற இரும்பு அச்சுகளை, டை என்போம், ஒவ்வொன்றாகக் கிரேனில் தூக்கி டிரெய்லரில் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் பல டன். அதன் உள்பக்கத்தை நான் எத்தனை ராத்திரி கல் வைத்துத் தேய்த்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன். இப்போது கொண்டலாம்பட்டி பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. விசாரித்தேன், படித்தேன், பழைய நண்பர்களிடம் பேசினேன். சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் இதே ஆசையோடு இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் நடக்கும். அதனால் நான் போட்ட கணக்கை முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் தம்பியின் பயத்தைப் பார்த்துவிடலாம்.

நம் மாநிலத்தில் கார் செய்வதும், செய்வதை நிறுத்துவதும் இன்று நேற்று வந்ததில்லை. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1950-களிலேயே கார் செய்தது. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களா வாசலில் வெள்ளை ஹெரால்டு ஒன்றைச் சின்ன வயதில் பார்த்தேன். பானட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்திருந்தது, முன்சக்கரம் மொத்தமும் வெளியே தெரிந்தது. அந்த உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. காரின் பூர்வீகம் இங்கிலாந்து. நம்மவர்கள் அதை நாலு கதவாக மாற்றினார்கள், 1972-இல் முகத்தையும் பின் ஆக்ஸிலையும் மாற்றி கெஸல் என்று விட்டார்கள். 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர், எஞ்சின் அதைவிட முப்பது வருடம் பழைய வழி. விலையும் அதிகம், பெட்ரோலும் குடித்தது. 1988-இல் உற்பத்தி நின்றுபோனது.

அப்புறம் அம்பாசடர். வங்காளத்து உத்தரபாராவில் 2014 மே மாதம் அதன் லைன் நின்றது.

தம்பி மனதில் இருப்பது இதெல்லாம் இல்லை, மறைமலைநகர் ஃபோர்டு. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது 2021 செப்டம்பரில். ஏற்றுமதிக்கான கடைசி ஈகோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. 2025-இல் அதே இடத்தில் 3,250 கோடி ரூபாய் போட்டு எஞ்சின் செய்வதாக ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. எஞ்சின்தான், கார் இல்லை.

அந்த ஈகோஸ்போர்ட்டின் கதையைத் தோண்டிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் அதை மாதிரி வடிவமாகக் காட்டினார்கள். மறுவருடம் மறைமலைநகரில் உற்பத்தி. செய்தது நாம். வரைந்தது எங்கே? பிரேசிலில், பாயியா மாநிலத்தில். அங்கேயும் 2021 ஜனவரியில் அதே கம்பெனி தன் கார் ஆலைகளை மூடியது. ஆனால் பாயியாவில் இருந்த டிசைன், எஞ்சினியரிங் மையத்தை மட்டும் மூடவில்லை. சென்னையிலும் அப்படித்தான். ஆலை பூட்டியபோதும் சோழிங்கநல்லூர் பக்கம் அவர்களுடைய தொழில்நுட்ப அலுவலகம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. ஃபோர்டு அங்கே கார் செய்வதை 2016 அக்டோபரில் நிறுத்தியது. மறுவருடம் அக்டோபரில் டொயோட்டாவும், அவர்கள் சொந்தக் கார் என்று கொண்டாடிய ஹோல்டனும் நிறுத்தின. வெளிநாட்டுக் காருக்கு வரி குறைந்தது, அந்த நாட்டு டாலர் மதிப்பு ஏறியது, சந்தை சின்னது, அரசு உதவி நின்றது. எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. ஆனால் ஃபோர்டின் மெல்போர்ன் டிசைன் மையம் இன்றைக்கும் இருக்கிறது. உலகம் முழுக்க விற்கிற ரேஞ்சர் பிக்கப் அங்கேதான் உருவானது.

சரி, அப்போ வரைகிறவர்களுக்கு ஆபத்தே இல்லையா என்றால், ஹோல்டன் இருக்கிறதே. 1969-இல் அவர்கள் ஹரிகேன் என்று ஒரு கான்செப்ட் கார், அதாவது கண்காட்சியில் காட்டுவதற்கான மாதிரிக் கார், செய்தார்கள். கதவே கிடையாது. கூரையும் கண்ணாடியும் சேர்ந்து மேலே எழும்பும், இருக்கை தூக்கிக் கொடுக்கும், ஆள் ஏறி உட்காரலாம். பின்னால் வருவதைப் பார்க்கக் கேமராவும் உள்ளே ஒரு சின்ன டிவியும் வைத்திருந்தார்கள். இன்றைக்கு நம் கடைத்தெரு காரில் ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே, அதை ஐம்பது வருடத்துக்கு முன்பே நினைத்துப் பார்த்தவர்கள். 1998-இல் சிட்னி கண்காட்சிக்காகச் செய்த இரண்டு கதவு கூப்பே ஒன்றை ஜனங்கள் கேட்டுக் கேட்டே, 2001-இல் மொனாரோ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட ஸ்டுடியோவை, ஆலை மூடி மூன்றே வருடத்தில், 2020-இல் பெயரோடு சேர்த்து மூடிவிட்டார்கள். முடிவு எடுத்தது அமெரிக்காவில் இருந்த தலைமை அலுவலகம்.

ஆக, ஆலை மூடுவதால் முதலில் போவது என்னைப் போல டை தேய்த்தவன் வேலை. வரைகிறவர்கள் பல இடங்களில் தப்பியிருக்கிறார்கள். சில இடங்களில் தப்பவில்லை. "கம்பெனி மூடுறான், அதனால் வேண்டாம்" என்பது மட்டும் போதுமான காரணம் இல்லை என்று தம்பியிடம் சொன்னேன். முடிவெடுக்கிற இடமும் வரைகிற இடமும் பக்கம் பக்கமாக இருக்கிற கம்பெனிகள் இப்போது நம் நாட்டிலேயே இருக்கின்றன. டாடா 2018-இல் எச்5எக்ஸ் என்று காட்டியது 2019-இல் ஹாரியர் ஆனது. 2019-இல் ஜெனீவாவில் காட்டிய எச்2எக்ஸ் 2021-இல் பஞ்ச் ஆனது. மகிந்திரா 2022 ஆகஸ்டில் இங்கிலாந்தில் திரை விலக்கிய பிஇ.05-ஐ 2024 நவம்பரில் சென்னையில் விற்பனைக் காராக அறிமுகம் செய்தது. அவர்களுடைய பெரிய ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கத்தில் இருக்கிறது, நம்மூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம். ரெனோவும் 2025-இல் சென்னையில் டிசைன் மையம் திறந்திருக்கிறது.

இனி வேலை என்ன என்பதைப் பார்ப்போம். இது தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் நாலு வருடம் கழித்து அழ வேண்டிவரும்.

தம்பி மகள் வரைகிற காரில் சக்கரம் மட்கார்டை முட்டிக்கொண்டு நிற்கும். கண்ணாடி ஒரு சிரிப்பு மாதிரி ஒல்லியாக ஓடும். கூரையைத் தாங்குகிற முன்தூண் பென்சில் மாதிரி இருக்கும். கான்செப்ட் கார்களும் அப்படித்தான் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தானே வரைகிறாள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவதோ எட்டாவதோ, வலது பக்கம் திரும்புகிற வளைவில் வண்டியை மெதுவாக்கி, "நீ டிரைவரா இருந்தா இப்போ எங்கே பார்ப்பே?" என்று கேட்டேன். பின்சீட்டிலிருந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். வளைவின் மேற்பக்கம் ஒரு பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது. பஸ் முழுசும் அந்த வலது முன்தூணுக்குப் பின்னால் மறைந்துபோய், ஒரு நொடி கழித்து பக்கத்துக் கண்ணாடியில் வந்தது. "பெரியப்பா, பஸ்ஸே காணோம்!" என்றாள்.

அந்தத் தூண் ஏன் அவ்வளவு தடிமன்? வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்கக் கூடாது. பக்கவாட்டு ஏர்பேக்கை அதற்குள்ளேயே மடித்து வைக்க வேண்டும். ஒல்லியாக்கினால் உயிர் போகும், தடிமனாக்கினால் பஸ் மறையும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வடிவம் கண்டுபிடிப்பதுதான் டிசைனர் வேலை. கண்காட்சி மேடையில் நிற்கிற காருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் பல கார்கள் தள்ளிக்கொண்டு போய் நிறுத்த மட்டுமே செய்தவை.

அன்றைக்கு லேக் பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே மற்ற கட்டுப்பாடுகளையும் சொன்னேன். பானட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும், நடந்து போகிறவர் மேல் மோதினால் தலை படுகிற இடம் அது. அப்புறம் நாலு மீட்டர் கணக்கு. 2006 பட்ஜெட்டிலிருந்து நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு வரி குறைவு. நம் ஊர்க் கார்கள் பலதுக்கும் பின்பக்கம் கத்தியால் வெட்டியது மாதிரி நிற்பதற்கு அதுதான் காரணம். ஈகோஸ்போர்ட்டின் நீளமே 3,999 மில்லிமீட்டர். சட்டப் புத்தகத்தில் இருக்கிற ஒரு வரி காரின் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

தகடு இன்னொரு பக்கம். கதவின் வெளித்தகடு முக்கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. கான்செப்ட் கார் உடம்பை ஃபைபரில் செய்துவிடலாம், எந்தக் கூர்மையான மடிப்பும் வரும். இரும்புத் தகட்டில் அதே மடிப்பைக் கேட்டால் மூலையில் கிழியும். கிழியாமல் வந்தாலும் டையை விட்டு எடுத்ததும் தகடு கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். ஸ்பிரிங் பேக் என்போம். டிசைனர் வரைந்த கோட்டை நாங்கள் தகட்டில் கொண்டுவர மாதக்கணக்கில் டையைத் தேய்த்திருக்கிறோம். தகடு தெரிந்தவர் வரைந்த கோடா, தெரியாதவர் வரைந்ததா என்பது எங்களுக்கு முதல் டிரையலிலேயே தெரிந்துவிடும்.

தகடு பற்றிய இந்த அறிவையும் வீட்டுப் பணக் கணக்கையும் மனதில் வைத்துத்தான் நான் எல்லா வழியையும் அளந்து பார்த்தேன்.

முதல் வழி, நேராக டிசைன் படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் நாலு வருட பி.டெஸ். ஐஐடிகளில் இதற்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு, ஐஐடி பம்பாய் நடத்துகிறது. ஜேஇஇ தேவையில்லை. எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம், அடுத்தடுத்த இரண்டு வருடம்தான் வாய்ப்பு. கம்ப்யூட்டரில் ஒரு பகுதி, கையால் வரைய ஒரு பகுதி. விண்ணப்பம் அக்டோபர் வாக்கில், தேர்வு ஜனவரியில். என்ஐடி என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு, முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று நடக்கும். இது 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கியது. திருச்சியில் இருக்கும் என்ஐடி வேறு, இது வேறு. எங்கள் வீட்டிலேயே இரண்டு நாள் அந்தக் குழப்பம் ஓடியது.

இந்த வழியின் பலம் சேர்க்கை. கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் வரைகிறவர்கள், பார்க்கிறவர்கள், எதையும் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்கள். நம்மூரில் அது கிடைக்காது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஐஐடியில் இடம் கிடைத்தால் இளநிலைப் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்திருக்கிறது. கிடைத்தால் பெரிய கதவு.

சிக்கல் என்னவென்றால், நாடு முழுக்கச் சேர்த்து சில நூறு இடங்கள்தான். பெருநகரத்துப் பிள்ளைகள் இதற்கென்று ஒன்றிரண்டு வருடம் பயிற்சி எடுத்துவிட்டு வருகிறார்கள். அதோடு, அங்கே இளநிலையில் கார் டிசைன் என்று தனியாக இல்லை. நாற்காலி, விளக்கு, செயலி எல்லாம் கலந்த பொதுவான படிப்பு. கார் வேண்டுமென்றால் அதற்கு மேல் எம்.டெஸ் என்கிற முதுநிலைப் படிப்புக்குப் போகத்தான் வேண்டும்.

இரண்டாம் வழி, முதலில் எஞ்சினியரிங், அப்புறம் டிசைன். பி.இ. மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் நாலு வருடம். அதன் பிறகு சீட் (CEED) என்கிற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி பம்பாயில் வாகன வடிவமைப்பில் எம்.டெஸ், அல்லது என்ஐடியின் தனித் தேர்வு எழுதி அதன் காந்திநகர் வளாகத்தில் போக்குவரத்து, ஆட்டோமொபைல் டிசைனில் எம்.டெஸ். ஐஐடியில் இரண்டு வருடம், என்ஐடியில் இரண்டரை.

நம் வீட்டுக் கணக்குக்கு இது எப்படி? கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, 1966-இலிருந்து. மெக்கானிக்கலும் இருக்கிறது, மெட்டலர்ஜியும் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம். கட்ஆஃப் நன்றாக வந்தால் குரோம்பேட்டை எம்ஐடி. 1949-இல் தொடங்கியபோதே அங்கே ஆட்டோமொபைல் ஒரு பாடப்பிரிவு. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்பதால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தனி. தம்பிக்கு நாலு வருடம் கடன் கிடையாது. டிசைன் கிடைக்காமல் போனாலும் கையில் ஒரு டிகிரி இருக்கும், அதற்கு இங்கேயே வேலை இருக்கும்.

குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். எஞ்சினியரிங் கல்லூரியில் நாலு வருடம் யாரும் அவளை வரையச் சொல்ல மாட்டார்கள். முதல் செமஸ்டரில் எஞ்சினியரிங் கிராபிக்ஸ், அதோடு சரி. உள்மதிப்பீடு, அரியர், பிளேஸ்மென்ட் என்று ஓடும்போது கை மறந்துவிடும். மூன்றாம் வருடம் சாஃப்ட்வேர் கம்பெனி வந்து நல்ல சம்பளம் காட்டினால் வீட்டில் எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்படி வரைவதை விட்டவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். ஆறு, ஆறரை வருடம் என்பதும் நீளம்தான்.

ஆனால் இந்த வழியில் போய் வந்தவர் ஒருவரைக் காட்ட முடியும் என்பதுதான் எனக்குத் தெம்பு. ராம்கிருபா அனந்தன். பிட்ஸ் பிலானியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு என்ஐடிக்குப் போனவர். மகிந்திராவில் 1997-இல் சேர்ந்து, 2011-இல் வந்த எக்ஸ்யூவி500-இன் டிசைனுக்குத் தலைமை ஏற்றார். 2020 தார், 2021 எக்ஸ்யூவி700 வரைக்கும் அவர் தலைமையில் வந்தவைதான். தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "பொண்ணா?" ஆமாம் என்றேன். அதற்கப்புறம் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

மூன்றாம் வழி, தனியார் டிசைன் கல்லூரி. புனே பக்கம் சில கல்லூரிகளில் இளநிலையிலேயே வாகன டிசைன் சொல்லித் தருகிறார்கள். முதல் வருடத்திலிருந்தே கார். சுவரில் கறுப்பு டேப் ஒட்டி முழு அளவில் கோடு போடுவது, களிமண்ணைச் சூடு செய்து அப்பிச் சீவுவது, அதன் மேல் படலம் ஒட்டி வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது எல்லாம் உண்டு. இந்தக் களிமண் வேலையைக் கார் உலகத்தில் பரப்பியவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஹார்லி ஏர்ல், உலகின் முதல் கான்செப்ட் கார் என்று சொல்லப்படுகிற 1938 ப்யூக் ஒய்-ஜாபைச் செய்தவர். பாடத்தை மட்டும் பார்த்தால் அவள் ஆசைக்கு மிகப் பொருத்தம் இதுதான். கட்டணம் வருடத்துக்குப் பல லட்சம், மேலே விடுதி, லேப்டாப், மெட்டீரியல் செலவு. கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். கார் ஸ்டுடியோக்களில் வருடத்துக்கு எடுக்கிற புது ஆட்கள் கைவிரல் எண்ணிக்கை. பட்டறை மேல் கடன் வாங்கி அந்தக் கைவிரலில் ஒன்றாக வருவாள் என்று பந்தயம் கட்ட எனக்கு மனசு வரவில்லை. பணம் இருக்கிற வீடு என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

நாலாவது வழியைப் பற்றி யாருமே சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். டிசைனர் வரைந்ததைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண உடம்பாக மாற்றுகிறவர்கள் தனி. சர்ஃபேஸ் மாடலர் என்று பெயர். ஏலியஸ் மாதிரி மென்பொருளில், தகட்டின் ஒவ்வொரு வளைவையும் வெளிச்சம் உடையாமல் ஓடும்படி இழைக்க வேண்டும். திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளை உடம்பு மேல் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். வரிக்குதிரைக் கோடு மாதிரி. கோடு எங்கேயாவது நெளிந்தால் அங்கே வளைவு சரியில்லை. கிளாஸ் ஏ சர்ஃபேஸ் என்று இதற்குப் பெயர். சென்னை, புனே, பெங்களூரு எஞ்சினியரிங் கம்பெனிகளில் இந்த வேலை நடக்கிறது, வெளிநாட்டுக் கார்களுக்கும் இங்கிருந்தே செய்து கொடுக்கிறார்கள். ஜங்ஷன் ரோட்டு தியாகராஜர் பாலிடெக்னிக் மாதிரி ஓர் இடத்தில் மூன்று வருட டிப்ளமோ, அப்புறம் மென்பொருள் பயிற்சி. சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்கலாம். ஆலை எந்த ஊரில் இருந்தாலும் இந்த வேலையை இங்கே உட்கார்ந்து செய்யலாம். இவ்வளவு நல்லது இருந்தும் ஒரு தடை உண்டு. கார் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற மேசைக்கு இந்த வழியாகப் போவது கஷ்டம். அடுத்தவர் கோட்டைத்தான் இழைத்துக்கொண்டிருப்பாள். பொறுமையும் கண்ணும் உள்ள, வரைவதைவிடச் செதுக்குவதில் ஆசையுள்ள பிள்ளைக்கு இதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தம்பி மகள் அந்த ரகம் இல்லை.

நாமக்கல் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சேர்த்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. சொன்னது அவள் தாய்மாமன். சேசிஸ் மட்டும் வரும், சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அளவெடுத்து உடம்பைக் கட்டிவிடுவார்கள். அந்தக் கைத்திறன் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் இப்போது கம்பெனிகளே கேபினைக் கட்டி அனுப்புகின்றன, ஏசி கேபின் விதியும் வந்துவிட்டது. தொழிலில் இருப்பவர்களே தங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள். லீவில் ஒரு மாதம் போய்ப் பார்க்கட்டும், அதற்கு நல்ல இடம்.

என் முடிவு இதுதான். இரண்டாம் வழி, அதாவது எஞ்சினியரிங் முடித்து எம்.டெஸ். யூசீட்டை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். விண்ணப்பக் கட்டணம் தவிர இழப்பு ஒன்றும் இல்லை. இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், முதல் வழிக்குப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் கருப்பூரோ குரோம்பேட்டையோ. அந்த நாலு வருடமும் வரைவது நிற்கக் கூடாது என்பதற்கு நான் பொறுப்பு. வாரத்துக்கு ஐந்து படம், தேதி போட்டு, ஃபைலில். சீட்டுக்கும் என்ஐடிக்கும் நாளைக்கு அந்த ஃபைல்தான் பேசும். பட்டறை வேலை தனியாக, சனிக்கிழமை தோறும் என்னிடம்.

தம்பி இதற்கு ஒப்புக்கொண்டது பாதி மனசோடுதான். "ஆறு வருசம் கழிச்சு அந்தக் கம்பெனியும் மூடிட்டா?" என்று கேட்டான். மூடலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது அவள் கையில் ஒரு எஞ்சினியரிங் டிகிரியும், தகடு பற்றிய அறிவும், வரையத் தெரிந்த கையும் இருக்கும். என்னிடம் அந்த மூன்றில் ஒன்றுதான் இருந்தது. வாசலில் நின்று டிரெய்லர் போவதைப் பார்த்தபோது அது போதவில்லை.

அவள் அம்மா கேட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஆறு வருசம் படிச்சுட்டு அப்புறம் இவ எங்க இருப்பா மாமா? சேலத்துல இருப்பாளா?" இருக்க மாட்டாள். எந்த வழியில் போனாலும் இருக்க மாட்டாள். சென்னை, புனே, மும்பை, அதற்கு அப்பால். இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் அடுப்படிக்குள் போய்விட்டார்.

போன சனிக்கிழமை பட்டறைக்கு ஒரு கதவு வந்திருந்தது. தட்டி நிமிர்த்தி முடித்திருந்தேன், பெயின்ட் அடிக்கவில்லை. தம்பி மகள் கையில் வெள்ளைப் பருத்தி உறையை மாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் நீளத்துக்குக் கையை இழுக்கச் சொன்னேன். அழுத்தக் கூடாது, விரல் மட்டும் இல்லை, உள்ளங்கை முழுக்கப் பட வேண்டும். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை என்றாள். இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள். "இங்க கொஞ்சம் உள்ளே போற மாதிரி இருக்கு."

ஆயில் ஸ்டோனை எடுத்து அந்த இடத்தில் குறுக்காக நாலு தேய் தேய்த்துக் காட்டினேன். சுற்றிலும் தகடு பளபளவென்று கீறல் வாங்கியது. நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கல் படாமல் மங்கலாகவே இருந்தது. பள்ளம். அவள் சொன்ன இடத்திலேயே.

கல்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கதவின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஜனவரியில் யூசீட், மார்ச்சில் பொதுத்தேர்வு. ஃபைலில் இதுவரை பதினொரு படம் இருக்கிறது. கடைசிப் படத்தில் முன்தூண் கொஞ்சம் தடிமனாகியிருக்கிறது.